கதவுக்குப் பின்னால் சிங்காரி

“கொஞ்சம் சும்மா இருடி சிங்காரி! காலையிலேருந்து ஒரே சத்தம். என் பொண்டாட்டி காதுல விழுந்தா என் மானம் போயிடும்.”

குளியலறைக்கு வெளியே நின்ற மனைவிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த மூன்று வாரமாக இதே கூத்துதான். அவள் எது கேட்டாலும் “ஒண்ணுமில்ல” என்கிற மனுஷன், கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ கொஞ்சுகிறார். ஆஸ்பத்திரியில் சிரித்துச் சிரித்துப் பேசிய அந்த நர்ஸாகத்தான் இருக்கும்.

“வெங்காயம் உனக்கு ஆகலையா? இனிமே தொடவே மாட்டேன். போதுமா செல்லம்?”

செல்லமா! கட்டியவள் கெஞ்சியும் ஒரு சிகரெட்டை விடாதவர், எவளோ ஒருத்திக்காக வெங்காயத்தை விடுகிறாராம்.

போனைப் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்று திரும்பியவள் திகைத்தாள். அவர் போன் கட்டில்மேல் கிடந்தது.

அப்படியானால் அவள் உள்ளேயே இருக்கிறாளா? கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

உள்ளே அவர் மட்டும்தான். சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். தொப்புளுக்குப் பக்கத்தில், டாக்டர்கள் குடல் நுனியை வெளியே எடுத்துத் தைத்திருந்த இடம், செக்கச்செவேலென்று மொட்டுபோல இருந்தது. கையில், மலம் சேர அதன்மேல் ஒட்டவேண்டிய புதுப் பை. மொட்டு சத்தமாகக் காற்றை விட்டது.

“இதுக்கு ஒரு பேர் வெச்சுப் பேசினா பயம் போகும்னு நர்ஸம்மா சொன்னாங்க.” அவர் தலை நிமிரவில்லை. “பார்த்தா உனக்கு அருவருப்பா இருக்கும்னுதான்...”

அவள் பையை வாங்கிப் பதமாக ஒட்டினாள். ஆனாலும் ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

“கல்யாணமாகி இருபது வருஷம். எனக்கு ஒரு செல்லப்பேர் வெச்சீங்களா?”