முப்பது விநாடி

“இந்த லேப்டாப்ல புதுசா ஒண்ணு இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியக் கூடாதும்மா” என்றார் அந்த ஆள், கவுன்டர் மேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு. குரலை எவ்வளவுக்கு இறக்கினாரோ அவ்வளவுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். பேச்சுக்கு முன்னால் இருமல் மிட்டாய் வாசனை வந்து சேர்ந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். “வீட்லயும் தெரியக் கூடாதா?”

“வீட்லதாம்மா முக்கியமா.”

அறுபதைத் தாண்டிய ஆள். தலைக்கு அடித்த கறுப்பு மை காதோரம் வழிந்து காய்ந்திருந்தது. இந்த வயதில் யாருக்காக இந்த அலங்காரம் என்று அவள் முகம் சுளித்தாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். உருண்டை உருண்டையாக ஒரு பெண்ணின் கையெழுத்து. பழைய விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும், பக்கத்திலேயே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமாக லினக்ஸ் போட வேண்டும், ஆன் பண்ணினால் எதுவும் கேட்காமல் நேராக விண்டோஸ்தான் வர வேண்டும். கடைசி வரியில் பாஸ்வேர்ட்.

விவரமாக எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் மகராசி, என்று நினைத்துக்கொண்டாள் கடைக்காரி. அவளுடைய அக்கா புருஷன் ஏழு வருஷம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டாவது செல்போன் வைத்திருந்தவன். அது தெரிய வந்த நாளிலிருந்து அக்கா பாதி ஆளாகிவிட்டாள்.

லேப்டாப்பைத் திறந்தாள். விசைகளின் இடுக்கில் ஊறிக் காய்ந்த பிஸ்கட் தூள், அதில் சிக்கிக்கொண்டு ஒரு நீளமான தலைமுடி. முடியை இடுக்கியால் இழுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் முதலில் தன் விரல்களைத்தான் துடைத்தாள்.

“எத்தனை மணிக்குக் கிடைக்கும்? ஆறுக்குள்ள இது எடுத்த இடத்துல இருக்கணும்மா.”

“விண்டோஸ் இருக்கிற இடத்தைச் சுருக்கினாத்தான் புதுசுக்கு இடம் கிடைக்கும். ரெண்டு மணி நேரமாவது ஆகும். உட்காருங்க சார்.”

அவர் உட்காரவில்லை. வாசலில் நின்று, செல்போனை வாயோடு ஒட்டிக்கொண்டு, “பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்ல” என்றார்.

‘கண்ணாம், கண்ணு’ என்று இவள் பல்லைக் கடித்தாள். வீட்டில் ஒருத்தி ஒன்றும் தெரியாமல் இந்த மனுஷனின் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

ஆனாலும் தொழிலில் அவள் குறை வைக்கவில்லை. பழையதில் இருந்ததையெல்லாம் முதலில் நகல் எடுத்துவைத்தாள். இடம் பிரித்து, லினக்ஸை ஏற்றி, இரண்டும் ஒழுங்காக எழுந்து வருகின்றனவா என்று தனித்தனியாகப் பார்த்தாள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆன் பண்ணியதும் ‘எது வேண்டும்’ என்று கேட்கிற பட்டியலை மறைத்து, எஸ்கேப் பட்டனை அமுக்கினால் மட்டும் அது வருகிற மாதிரி வைக்க வேண்டும்.

அங்கேதான் அவள் கை நின்றது. அக்காவுக்கு மட்டும் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால், என்று நினைத்தாள்.

பட்டியல் முப்பது விநாடி திரையில் நிற்கும்படி வைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து படிக்கிறவர்களுக்குக்கூட அது போதும். முதல் வரியில் விண்டோஸ் இருந்தது. இரண்டாவது வரியில் லினக்ஸ் என்ற பெயரை அழித்துவிட்டு, கொட்டை எழுத்தில் ‘ரகசியம்’ என்று பெயர் வைத்தாள்.

“ரசீதுல சார்ஜர் பின் மாத்தினதுன்னு எழுதித் தாங்கம்மா” என்று தலையைச் சொறிந்தார் அவர். “ரிப்பேர்னு சொல்லித்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“பொய்க்கு ரசீது வேறயா சார்?”

அவர் தரையைப் பார்த்தார். “வேற வழியில்லம்மா.”

தாராளமாக எழுதிக் கொடுத்தாள். எஸ்கேப் பட்டன், மறந்துவிடாதீர்கள் என்று வாய் கூசாமல் சொல்லவும் செய்தாள். அவர் அதைச் சரியாகக் காதில் வாங்கினாரோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி ஓடாத குறையாகப் போனார்.

அவர் தலை மறைந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினாள். காலையிலிருந்து இருந்த தலைவலிகூட விட்ட மாதிரி இருந்தது.

ஆறு மணி தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும், கடை போன் அடித்தது. அதே கிசுகிசுப்பு, இன்னும் தாழ்ந்து.

“அம்மா, நான்தான், சாயங்காலம் லேப்டாப் வாங்கிட்டுப் போனேனே. எந்தப் பட்டன்னு சொன்னீங்க? எம்பொண்ணு கேக்கறா.”

“உங்க பொண்ணா?”

“அவளோடதுதாம்மா அது. அவளை வாசலைத் தாண்ட விடமாட்டான், அதான் நான் வந்தேன். இனிமே அந்தப் புதுசுல உட்கார்ந்து வக்கீலுக்கு எழுதுவா, வேலைக்கு எழுதிப் போடுவா. எப்படியாவது குழந்தையோட வெளியே வந்துட்டான்னா போதும்.”

“யாருங்க வெளியே விடாதது?”

“மாப்பிள்ளைதான். தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம இவ லேப்டாப்பைத்தான் நோண்டுவான். போன தடவை ஒரு லெட்டரைப் பார்த்துட்டுக் கையை ஒடிச்சான்.”

பட்டியலின் இரண்டாவது வரி கடைக்காரியின் கண் முன்னால் வந்து நின்றது. “சார், அதை உடனே எடுத்து எங்கயாவது ஒளிச்சு வைங்க. யாரும் அதைத் தொடக் கூடாது. போங்க சார், சீக்கிரம்.”

“இனிமே என்னம்மா பயம், நீங்கதான் நல்லபடியாப் பண்ணிக் கொடுத்திருக்கீங்களே” என்றார் அவர். “இதோ, மாப்பிள்ளை ஹால்ல உட்கார்ந்து ஆன் பண்ணிட்டான்.”