கம்பளம் இல்லாத மேடை

என் வலது கை அவர் தோளில் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது பாசம்.

எனக்கோ அது கணக்கு. நான்கு தட்டு ஒரு பார். ஒவ்வொரு பாருக்கும் ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து. முப்பத்திரண்டு முடிந்ததும் தோளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் என் வீட்டுக்காரர் மதலைமுத்து டிரம்பெட்டை ஊதுவார்.

பதினொன்று.

பியானோவில் ஜோஷ்வா தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு சுரம்கூட அவர் காதில் விழாது. போன மழைக்காலத்தில் நுரையீரலில் சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிரைக் காப்பாற்றிய ஊசி காதை வாங்கிக்கொண்டது. இப்படியும் நடக்கும் என்று நர்ஸாக வேலை பார்த்த எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

டாக்டரையும் எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"செவிடன்னு தெரிஞ்சா பாவப்படுவாங்க பிலோ. அப்புறம் ஒருத்தனும் வாசிப்பைக் கேக்க மாட்டான்."

பதினேழு.

லோதி ரோட்டில் இந்த ஹாலைப் பிடித்தது அவருடைய ரசிகர்கள்தான். ராணுவ பேண்டில் தொடங்கி, டில்லியில் ஹோட்டல் ஹோட்டலாக ஜாஸ் வாசித்த ஐம்பது வருடத்தைக் கொண்டாட வேண்டுமாம். நல்ல ஜனங்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தார்கள். துவாரகாவிலிருந்து மெட்ரோவில் ரசம் கொண்டுவந்தார்கள்.

மூளைதான் கொஞ்சம் கம்மி. நுரையீரல் நோயாளியின் கட்டிலுக்கு நேர் எதிரே வந்து நின்று, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகப் பேசுவார்கள். எத்தனை முறை திட்டியிருப்பேன்.

இன்றைக்கும் அப்படித்தான். ஹாலும் மேடையும் பழைய மரப்பலகைத் தரை. மேடையில் கனமான கம்பளம் விரித்திருந்தது. விழாவை இழுத்துப் போட்டுச் செய்கிற கௌதமன் அதைச் சுருட்டி வெளியே போடச் சொன்னான்.

"கார்பெட் வேணாம் ஆன்ட்டி. சாரோட ஷூவையும் ஜல்தி கழட்டிருங்க."

டில்லி ஜனவரியில், வெறும் சாக்ஸோடு. ஏன் என்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். நோயாளியைவிடப் போட்டோ பெரிதாகப் போயிற்று. சண்டை போட நேரமில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன்.

இருபத்து நான்கு.

டிரம்ஸ்காரர் உற்சாகத்தில் தாளத்தை உடைத்து, பிரித்துப் பிரித்து அடித்தார். கூட்டம் சிரித்தது. என் கணக்கு நழுவியது.

முப்பதா, முப்பத்தொன்றா?

காலமெல்லாம் நாடி பிடித்து எண்ணிய விரல் இது. இப்போது வியர்த்து வழிந்தது.

அவர் டிரம்பெட்டைத் தூக்கிவிட்டார். மூச்சை இழுத்துக் கட்டிக்கொண்டார். அந்த நெஞ்சில் மூச்சு ரொம்ப நேரம் நிற்காது. தோள் நடுங்க ஆரம்பித்தது.

பிடித்தேன்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு பார் முன்னதாகப் பிடித்துவிட்டேன். பியானோ இன்னும் முடியவில்லை.

என் மானம் போனால் போகிறது. இந்த மனுஷனின் ஐம்பது வருடத்தை நானே கெடுத்துவிட்டேன்.

ஆனால் ஜோஷ்வா வாசித்ததை அப்படியே விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டான். டிரம்ஸும் கூடவே தாவி வந்தது. ஜோஷ்வாவின் கண் அவர் மேல் இல்லை, என் கையின் மேல் இருந்தது. ஏன் என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

எட்டு பார்தான் ஊதலாம் என்பது டாக்டரின் கணக்கு. ஒரு சுரம் உடைந்தது. இன்னொன்று வெறும் காற்றாகப் போனது. கடைசிச் சுரத்தை மட்டும் விடாமல் நீட்டிப் பிடித்து, அழகாக இறக்கி வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

வாத்தியங்கள் எல்லாம் நின்றன.

ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்தால் பாட்டின் நடுவிலேயே கை தட்டுவார்கள். அது வழக்கம். அந்தத் தட்டலில்தான் அவர் இத்தனை வருடம் உயிர் வாழ்ந்தார்.

ஒருவரும் தட்டவில்லை.

மேடை விளக்கில் கண் கூசியது, ஹாலோ இருட்டு. தட்டினாலும் அவருக்குத் தெரியாது. தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். தட்டுகிறார்களா என்று புருவத்தைத் தூக்கினார்.

பொய் சொல்லத் தயாரானேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினால் போதும்.

அதற்குள் பின் வரிசையில் யாரோ காலால் தரையை ஓங்கி மிதித்தார்கள். பிறகு நடு வரிசையில். பிறகு ஹால் முழுக்க, ஒரே தாளத்தில். கைதட்டல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கால்கள். ஸ்டூலில் இருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது. என் செருப்புக்குள் பலகை அதிர்ந்தது.

அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கித் தன் பாதங்களுக்குப் போனது.

கம்பளம் எதற்குப் போனது, ஷூ எதற்குப் போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டிலுக்கு எதிரே நின்று மாஸ்க்கைக் கழற்றியதுகூட, அவர் உதட்டைப் பார்த்தாவது புரிந்துகொள்ளட்டும் என்றுதான். நான் மூளை கம்மி என்று வைதவர்கள், இத்தனை மாதமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை.

நீயா சொன்னாய் என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மை.

கால்களின் தாளம் நிற்கவில்லை. அவர் இரண்டு பாதங்களையும் பலகையில் நன்றாகப் பதித்துக்கொண்டு, டிரம்பெட்டை மறுபடியும் தூக்கினார்.

டாக்டர் சொன்ன கணக்கு எனக்கு நினைவிருந்தது. தடுக்கவில்லை. எண்ணுவதற்காக விரலை வைத்தேன்.

அவர் என் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, சரியான இடத்தில் ஊத ஆரம்பித்தார்.