சமாதானக் கிண்ணம்

மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு வேலை முடிந்து வந்து தூங்கி, மதியம் எழுந்த மாப்பிள்ளையை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேஜையில், கன்னத்துக்குத் துண்டை முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“சாப்பிட்டீங்களா மாமா?”

மாமனாரின் முகம் உர்ரென்றிருந்தது.

சர்க்கரை ஏறிக் கிடக்கும் மனிதர் ஆசையாக வாங்கி வந்த பெரிய சிப்ஸ் பாக்கெட்டை நேற்று ஒளித்துவைத்தது மாப்பிள்ளைதான். “எலி இழுத்துட்டுப் போயிருக்கும் மாமா” என்று வேறு சொல்லிவைத்திருந்தார். குட்டு உடைந்துவிட்டது போலிருக்கிறது. பரிந்து பேச மனைவியும் இல்லை; கடைக்குப் போயிருந்தாள்.

சமாதானப்படுத்த ஒரே வழிதான். சிப்ஸைப் போலவே கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும், உடம்புக்கும் நல்லதாக இருக்க வேண்டும்.

தினையை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்தார். “இப்படி வறுத்துட்டா, வெந்த பிறகும் குழையாது மாமா. மணி மணியா தனித்தனியா நிக்கும்.” ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டு மூடினார்.

பீன்ஸைக் கொதிநீரில் போட்டார். “எடுத்த கையோட ஐஸ் தண்ணியில போடணும். வேகறது அங்கேயே நின்னுடும். பச்சையும் மாறாது, கடிச்சா நறுக்னு இருக்கும்.” ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் தட்டு காலி. குழாய்த் தண்ணீரை வைத்துச் சமாளித்தார்.

கிண்ணத்தில் தினை, சுற்றிலும் பீன்ஸ், வேகவைக்காத கேரட், வெந்த கொண்டைக்கடலை. எலுமிச்சையைப் பிழிந்து, மேலே வறுத்த வேர்க்கடலையைத் தூவி, மாமனார் முன்னால் வைத்தார்.

“ஒரு வாய் கடிச்சுப் பாருங்க மாமா. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.”

மாமனாரின் கண்கள் கலங்கின. கிண்ணத்தை மெல்லத் தள்ளிவைத்தார்.

மாப்பிள்ளை நொந்துபோனார். “சரி, ஒத்துக்கறேன். எலியெல்லாம் இல்ல. சிப்ஸை ஒளிச்சு வச்சது நான்தான். உங்க நல்லதுக்குத்தானே மாமா? அதுக்காக இப்படிப் பேசாமலே இருந்தா எப்படி?”

மாமனாரின் புருவங்கள் இரண்டும் மேலேறின.

கதவு திறந்தது. மருந்துப் பையோடு மனைவி வந்தாள்.

“அப்பாவைப் போய் ஏன் பேசச் சொல்றீங்க? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு நீங்க எழுந்திருக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் கூட்டிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லியிருக்காங்க.” கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். “வேர்க்கடலையா? நல்ல ஆளைப் பார்த்துக் குடுத்தீங்க போங்க.”

மாமனார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பஞ்சை நிதானமாக எடுத்துத் துண்டில் வைத்தார்.

“எங்க ஒளிச்சு வச்சீங்க மாப்பிள்ளை?”