ரிட்டர்ன் லைன்

கட்டி முடியாத விடுதிக்குள் அன்றைக்கு இரண்டே பேர்தான். நாற்பது அறைக்குக் கணக்குப் போட்டு வாங்கிய வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அடித்தளத்தில், பைப் ஃபிட்டர். நாலாவது மாடியில் அவர் மைத்துனன். அறைகளைச் சுற்றிவிட்டு மிச்ச வெந்நீர் தொட்டிக்குத் திரும்பி வரவேண்டிய குழாயில் ஃபிட்டர் தற்செயலாகக் கை வைத்தார். சுரீர் என்று சுட்டது.

ஹீட்டருக்கு இன்னும் கரண்டே கொடுக்கவில்லை. அவர் போனை எடுத்தார்.

"டேய், ரிட்டர்ன் லைன் கொதிக்குதுடா!"

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா மாமா? நான் இன்னும் ஜாயின்ட்டே போடல. பைப்போட வாய் என் கையில இருக்கு. ஒரு சொட்டு ஈரமில்ல."

ஃபிட்டர் வாளியை வைத்து வால்வைத் திறந்தார். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. மேலே சோப்பு நுரை மிதந்தது, வாசனைகூட வந்தது. வாளி பாதி நிறைந்ததும், அவர் வால்வைத் தொடாமலேயே தண்ணீர் நின்றது, யாரோ குளித்து முடித்ததைப்போல.

"மாமா," மைத்துனனின் குரல் இறங்கியிருந்தது. "பக்கத்து பாத்ரூம்ல யாரோ தாழ்ப்பாளைத் திறக்கறாங்க."

"நீ முதல்ல கீழ வாடா!"

"இங்க எந்த பாத்ரூமுக்கும் இன்னும் கதவே மாட்டலையே, மாமா."