பேச்சிக்கனியின் வசவு

இப்போதெல்லாம் எவனும் எவனையும் திட்டுவதில்லை. திட்டினாலும் எல்லாரும் மாட்டிக்கொண்டு திரிகிற காதுமிஷின் அதைச் சர்க்கரைப் பாகில் முக்கித்தான் உள்ளே விடுகிறது. காது மந்தமான எனக்கும் அதே கதிதான். மிஷின் மாட்டிய மூன்று வருஷமாக என் பெண்டாட்டி பேச்சிக்கனி என்னைக் கொஞ்சிக்கொண்டே இருக்கிறாள். அதற்கு முன் நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் கொஞ்சாதவள்!

மருமகள் வடிவு பேங்கில் வேலை பார்ப்பவள். ஞாயிறு வந்தால் மாடியில் ரேடியோ, மிக்ஸி என்று எதையாவது கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் மிஷினைக் கொடுத்தேன்.

"ஒங்க அத்த நெசமா என்ன பேசுதான்னு எனக்குக் கேக்கணும் தாயி."

சால்டரிங் கம்பியால் உள்ளே ஓரிடத்தைச் சுட்டு, என் காதில் மாட்டிவிட்டாள். கீழேயிருந்து பேச்சிக்கனி கத்தினாள்.

"ஏ கூறுகெட்ட மனுஷா! கொழம்புக் கரண்டிய எடுத்தா பெயிண்டு கலக்குனீரு?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. "அவளேதான்! இன்னொருக்கத் திட்டச் சொல்லு!" என்று குதித்தேன். வடிவு கைதட்டிச் சிரித்தாள்.

அப்புறம்தான் சந்தேகம் தட்டியது.

"ஏளா, என் சந்தோசத்துக்குன்னு நீயே மிஷினுக்குத் திட்டப் படிச்சுக் குடுத்திட்டியோ?"

"ஐயோ மாமா, அது அத்த கொரலுதான்!"

மிஷினைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். பேச்சிக்கனியின் வாய்க்குப் பக்கத்தில் வெறுங்காதைக் கொண்டுபோய் வைக்கப் படியிறங்கினேன்.