சுவருக்கு வந்த சோதனை

சாம்ராஜ்யங்கள் சரிந்தன, கோட்டைகள் தூளாயின. ஆனால் அடையாற்றில் ஒரு சுவர் மட்டும் ஆயிரம் வருஷம் அசையாமல் நிற்கும். இப்படிப் பிரகடனம் செய்துவிட்டு, ராஜரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் குழாயைச் சுவரை நோக்கி நீட்டினார்.

அது கார் கழுவும் இடத்தின் சுவர். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவர், இந்தப் பழைய 'வாட்டர் சர்வீஸ்' ஷெட்டை வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

போன மாதம் அவர் மச்சினன் அய்யாதுரை தன் புது ஃபியட்டை இங்கே கொண்டுவந்து விட்டான். கடல் காற்றில் இற்றுப்போயிருந்த சுவர்ப்பூச்சு, குழாய்த் தண்ணீர் பட்டதும் பெயர்ந்து பானெட்டில் விழுந்தது.

"என்ன அத்தான், காரைக் கழுவச் சொன்னா காரையைக் கொட்டுதிய?"

அந்தச் சிலேடை அதன் பிறகு இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு பதினாறாம் நாள் காரியம் எல்லாவற்றிலும் பந்திக்குப் பந்தி பரிமாறப்பட்டது. ராஜரத்தினத்துக்குச் சாம்பார் இறங்கவில்லை.

ஆகவே எழுபத்தைந்தாம் வருஷத்துச் சித்திரையில், மேஸ்திரி பொன்ராஜ் சுவரை மூன்றாகப் பிரித்து, ஒரு பக்கம் கடப்பாக்கல், ஒரு பக்கம் மொசைக், ஒரு பக்கம் வெள்ளை டைல்ஸ் பதித்தார்.

"இதுல எதுவேய் நிக்கும்?"

"மூணுமே நிக்கும் மொதலாளி."

"அத நீரு சொல்லப்படாது. தண்ணிதான் சொல்லணும்."

தண்ணீர் ஐந்து நாள் சொன்னது. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை, மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர, மோட்டார் நிற்கவில்லை. ராஜரத்தினம் குடை கட்டிய ஒரு நாற்காலியில் நீதிபதி மாதிரி உட்கார்ந்து பார்த்தார்.

இரண்டாம் நாள் டைல்ஸில் நாலு கழன்று விழுந்தன. நாலாம் நாள் மொசைக் பல்லை இளித்தது. கடப்பாக்கல் மட்டும் கன்னங்கரேலென்று குளித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம், எதிர்க் குடிசை சுப்பம்மா இடுப்பில் குடத்தோடு வாசல் கேட் அருகே வந்து நின்று, சுவரில் வழிவதையே பார்த்தாள்.

"இன்னா நைனா, நாளிக்கு இருக்குமா?"

"நாளைக்கா? ஆயிரம் வருஷம் இருக்கும், போ!" என்றார் ராஜரத்தினம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அய்யாதுரையின் ஃபியட்டோடு இன்னும் மூன்று கார் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஃபியட்டைக் கடப்பாக்கல்லுக்கு முன்னால் நிறுத்தி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

"மாப்ள, நல்லாப் பாத்துக்கிடும். எவ்வளவு வேகமா அடிச்சாலும் இந்தச் சொவத்துலேருந்து ஒரு பொட்டு உதிருதான்னு பாரும்!"

"பாக்கத்தான அத்தான் வந்திருக்கோம்" என்று அய்யாதுரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சேட்டு, போடுலே மோட்டார!" என்று கார் கழுவும் பையனைக் கிணற்றடிக்கு விரட்டினார் ராஜரத்தினம்.

மோட்டார் ஓடியது. ராஜரத்தினம் சந்தனப் பொட்டும் ஜரிகை வேட்டியுமாக, பீரங்கி வீரனைப்போல் குழாயைப் பிடித்து நின்றார். கல்லிலிருந்து ஒரு பொட்டுகூட உதிரவில்லை. குழாய் மட்டும் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.

"எலே, எவன்லே அங்க குழாய மிதிச்சுக்கிட்டு நிக்கான்?"

கிணற்றடியிலிருந்து சேட்டு துண்டால் வியர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"ஒர்த்தனும் மிதிக்கல மொதலாளி. அஞ்சு நாளா சொவத்துக்கே ஊத்திக்கினு இருந்தீங்க, கெணறு காலி."