இடது பக்கம் மெட்ராஸ், வலது பக்கம் மங்களூர்

"மெட்ராஸ்ல தண்ணி கிடையாது. எழுதுங்கோ, மைனஸ் பத்து" என்றாள் மனைவி நாகலக்ஷ்மி.

"மங்களூர்ல தண்ணியைத் தவிர வேறே ஒண்ணும் கிடையாது. நாலு மாசம் மழை. அதுக்கும் மைனஸ் பத்து" என்று கைலாசநாதன் எழுதிக்கொண்டார்.

மைசூர் ரயில்வே ஸ்டோர்ஸில் முப்பத்துநாலு வருஷம் கொட்டேஷன் பார்த்து ரிடையரானவர். போல்ட் ஆனாலும் சரி, பினாயில் ஆனாலும் சரி, தாளுக்கு நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் மார்க் போடாமல் அவருக்கு மனசு ஆறாது. இன்றைக்குக் கோட்டுக்கு இடது பக்கம் மூத்தவன் மாதவ், மெட்ராஸ். வலது பக்கம் இளையவன் அர்ஜுன், மங்களூர். இரண்டு ஊரிலும் கடல், இரண்டு ஊரிலும் வேர்வை, இரண்டு வீட்டிலும் ஆபீஸ் போகிற மருமகள், கைக்குழந்தை.

மூன்று வருஷமாகத் தசராவுக்குக்கூட எட்டிப் பார்க்காத பிள்ளைகள், இரண்டு மாசமாக ஞாயிறு தவறாமல் எஸ்.டி.டி. போடுகிறார்கள். "அப்பா, அம்மாவை அழைச்சுண்டு இங்கேயே வந்துடுங்கோ. மைசூர் வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்." இவன் கூப்பிட்டது தெரிந்து அவன் தனி ரூம் என்றான். அவன் தனி ரூம் என்றது தெரிந்து இவன் ஃபேனோடு ரூம் என்றான். டெண்டரில் இரண்டு பார்ட்டி மோதினால் என்ன செய்ய வேண்டும் என்று கைலாசநாதனுக்கா தெரியாது? பாத்ரூமோடு ரூம் கேட்டார், இருவரும் சரியென்றார்கள். வெஸ்டர்ன் டாய்லெட் கேட்டார், போட்டுவிட்டார்கள். போன வாரம் கடல் தெரிகிற ஜன்னல் கேட்டபோதுதான் மாதவ் கொஞ்சம் தயங்கி, "மொட்டை மாடியிலேர்ந்து தெரியும்ப்பா" என்றான்.

அக்ரஹாரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அவர்தான் பரப்பினார். பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமியின் ஒரே பையன் ஹூப்ளியில் இருக்கிறான், அப்பாவை ஒரு தடவைகூட அழைத்ததில்லை. அதனால் நஞ்சுண்டசாமியிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இன்று பத்து மணிக்கு முடிவு சொல்வதாக இரண்டு பிள்ளைகளுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நேக்கு பயமா இருக்குன்னா" என்றாள் நாகலக்ஷ்மி. "வீட்டையும் விட்டுட்டுப் போய், ரெண்டே மாசத்திலே நாம பாரம்னு ஆயிட்டா? திரும்பி வர இடம் ஏது?"

"சும்னே இரு. வேண்டாதவாளையா இப்படித் தாங்குவா? பெத்தவாளோட அருமை இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

"ஒருத்தன்கிட்டே போனா இன்னொருத்தன் மனசு ஒடிஞ்சுடுமே."

"ஒடியட்டும். தசராவுக்கு வராதவன்தானே?"

வடிவு காபி கொண்டுவந்து வைத்தாள். கொள்ளேகால்காரி. நாகலக்ஷ்மிக்கு முட்டி மடங்காமல் போன நாளிலிருந்து இந்த வீட்டில் சமையல், துணி, மாத்திரை எல்லாம் அவள் கையில்.

"என்னங்கய்யா, இன்னும் கூட்டிக் கழிச்சு முடியலீங்களா?"

"நீ என்னடி சொல்றே வடிவு? மெட்ராஸா, மங்களூரா?" என்று நாகலக்ஷ்மி கேட்டாள்.

"அவளை எதுக்குக் கேக்கறே?" என்று கைலாசநாதன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது பாலிசி மேட்டர்."

"அதுவுஞ் செரிதானுங்க" என்று வடிவு உள்ளே போய்விட்டாள்.

பட்டியலைக் கூட்டினார். மெட்ராஸ் நாற்பத்திரண்டு, மங்களூர் நாற்பத்திரண்டு. டிசம்பர் கச்சேரிக்கு நாலு மார்க் சேர்த்ததில் மெட்ராஸ் ஜெயித்தது. ஆயுசில் ஒரு கச்சேரியிலும் அவர் தூங்காமல் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பத்து மணிக்கு போன் அடித்தது. அலைகிற மாதிரித் தெரியக்கூடாதென்று ஐந்தாறு தடவை அடிக்கவிட்டு எடுத்தார். மாதவ்.

"மாதவா, எல்லாக் கோணத்திலேயும் பரிசீலிச்சாச்சு. உன்கிட்டேயே வந்துடறோம்."



"அப்பா... மெட்ராஸ் வெயில் உங்களுக்கு ஒத்துக்காதுப்பா. பேசாம அர்ஜுன்கிட்டேயே போயிடுங்கோளேன்."

"ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சாச்சுன்னியேடா?"

"அடிச்சேன்ப்பா. வடிவுதான் மங்களூர்னு சொல்லிட்டாளே. உங்ககிட்டே சொல்லலையா?"

கைலாசநாதன் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். சமையலறை வாசலில் வடிவு ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"நேத்தே சொல்லிப்போட்டனுங்க. மெட்ராஸ்ல தண்ணி லாரிக்குப் பின்னால கொடந் தூக்கிட்டு ஓட எனக்கு ஆகாதுங்க. மங்களூர்னா கன்னடம் பேசியாச்சும் பொழச்சுக்குவேன்."

"எந்த ஊருன்னு உன்னை யாருடி கேட்டா?"

"ரெண்டு பேருந்தானுங்க. கொழந்தையப் பாத்துக்கிட்டு ஆக்கிப் போட வர்றயான்னு, நீங்க கோயிலுக்குப் போற நேரம் பாத்து மாத்தி மாத்தி போன் பண்ணுனாங்க" என்றாள் வடிவு. "மொதல்ல என்னைய மட்டுந்தானுங்க கூப்புட்டாங்க. பேச்சுத் தொணைக்கு ஆளில்லாத ஊருக்கு நான் வர மாட்டேன், ஐயாவையும் அம்மாவையும் சேத்துக் கூப்புட்டாத்தான் வருவேன்னு நாந்தான் கண்டிசன் போட்டனுங்க."